கார் சர்வீஸ்: ஆயில் மாற்றுவதிலிருந்து ‘மேஜர்’ வரை – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய என் பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் 27,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இம்முறை ‘மேஜர் சர்வீஸ்’ செய்ய வேண்டும் என்கிறார்கள். அதே மாடல் காரை அதே மாதத்தில் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆயில் சர்வீஸ் மட்டும் செய்து அனுப்பிவிட்டார்கள். ஆயில் சர்வீஸ், ஜெனரல் சர்வீஸ், மேஜர் சர்வீஸ் என்பவற்றுக்குள் உண்மையில் என்ன வேறுபாடு? இதை யார் முடிவு செய்கிறார்கள்?
– வாசகர், ஈரோடு

பதில்: இந்தப் பெயர்களுக்குச் சட்டத்திலும் வரையறை இல்லை; எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது விதியும் இல்லை. ஒரு சர்வீஸ் சென்டரில் ‘ஜெனரல்’ என்று எழுதப்படுவது இன்னொன்றில் ‘மேஜர்’ ஆகிவிடுகிறது. உங்கள் காருக்கு எப்போது எதைச் செய்ய வேண்டும் என்பது ஓரிடத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது: காரோடு கொடுத்த உரிமையாளர் கையேட்டில் உள்ள பராமரிப்பு அட்டவணையில். அதன் இடப்புறத்தில் பாகங்களின் பெயர்களும், மேல்வரிசையில் கிலோமீட்டரும் மாதமும், கட்டங்களுக்குள் பெரும்பாலும் ‘ஐ’ அல்லது ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். ‘ஐ’ என்றால் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். ‘ஆர்’ என்றால் மாற்றியே ஆக வேண்டும். சில நிறுவனங்கள் வேறு எழுத்துகளைப் பயன்படுத்தினாலும், அதற்கான விளக்கம் அதே பக்கத்தின் அடியில் இருக்கும்.

இந்த அட்டவணையை ஒருமுறை நிதானமாகப் படித்தால், சிறிய சர்வீஸ், பெரிய சர்வீஸ் என்ற பிரிவு எப்படி உருவாகிறது என்பது விளங்கிவிடும். காரில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிக் கெடு உண்டு. எஞ்சின் ஆயிலுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் பல கார்களில் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு. ஏ.சி. காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டருக்கு 10,000 முதல் 20,000 வரை. எஞ்சினுக்குள் போகும் காற்றுக்கான ஏர் ஃபில்டருக்கு, இடையிடையே சுத்தம் செய்துவந்தால், 40,000 வரைகூடப் போகலாம். பிரேக் ஃப்ளூயிடுக்குப் பொதுவாக 2 ஆண்டு அல்லது 40,000. சாதாரண நிக்கல் ஸ்பார்க் பிளக்கிற்கு 40,000 அளவிலும், இரிடியம் பிளக்கிற்கு 1,00,000 அளவிலும் கெடு வரும். ஆயிலின் கெடு மட்டும் வரும்போது அது ஆயில் சர்வீஸ். அதனுடன் ஃபில்டர்கள், டயர் ரொடேஷன் (டயர்களை இடம் மாற்றிப் போடுவது), பின்சக்கர டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்வது போன்றவை சேர்ந்தால் ஜெனரல் சர்வீஸ். பல பொருள்களின் கெடு ஒரே நேரத்தில் வந்து சேரும் 40,000 கி.மீ. கட்டத்தைத்தான் பெரும்பாலானவர்கள் மேஜர் என்கிறார்கள். அந்தப் பெயருக்காக எதையும் செய்ய வேண்டியதில்லை. கெடு வந்த பொருளுக்காகச் செய்தால் போதும்.

உங்கள் காருக்கு வருவோம். மூன்றாம் ஆண்டு முடியும்போது 27,000 கி.மீ. என்றால், அட்டவணையில் ‘30,000 கி.மீ. அல்லது 36 மாதம்’ என்ற பத்தியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இந்தப் பத்தி இலகுவாகவே இருக்கும்: ஆயில், ஆயில் ஃபில்டர், ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டின் வாஷர், கேபின் ஃபில்டர், மற்றவை பரிசோதனை. ஆனால் ஒரு பழைய பாக்கி இருக்கக்கூடும். இரண்டாம் ஆண்டு சர்வீஸின்போது பிரேக் ஃப்ளூயிட் மாற்றப்பட்டதா என்று அந்த பில்லை எடுத்துப் பாருங்கள். அதற்கு முன் ஃப்ரீ சர்வீஸ்களில் எல்லாம் செய்திருப்பார்கள் என்று நம்பிவிட வேண்டாம். ஃப்ரீ சர்வீஸில் இலவசமாகக் கிடைப்பது லேபர் மட்டுமே, ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பணம் கட்டியிருந்தால் அது பில்லில் தனித்தனி வரியாக இருக்கும். உங்கள் காரில் ஃப்ளூயிட் மாற்றப்படாமல் விடுபட்டு, பக்கத்து வீட்டுக்காரர் காரில் சென்ற ஆண்டே மாற்றப்பட்டிருந்தால், இருவருக்கும் எஸ்டிமேட் வேறுபடுவதில் வியப்பில்லை. அப்படி எதுவும் இல்லாமல் ‘மேஜர்’ என்ற ஒரே சொல்லின் கீழ் ஒரு தொகையை எழுதியிருந்தால், அதைப் பாகம் பாகமாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஜாப் கார்டில் கையெழுத்திடுவதற்கு முன் அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும் கடைக்குப் போவதற்கும் மட்டுமே காரை எடுக்கிறேன். ஆண்டுக்கு 3,000 கி.மீ. கூட ஓடுவதில்லை. அப்படியிருக்க ஆண்டுதோறும் ஆயில் மாற்றுவது வீண் செலவு அல்லவா?
– வாசகி, மதுரை

பதில்: வீண் செலவு அல்ல. அட்டவணையில் ‘10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது’ என்று எழுதியிருப்பது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓடி எஞ்சினை அணைக்கும்போது, ஆயில் முழுச் சூட்டை எட்டுவதில்லை. எரியாமல் கசிந்து இறங்கும் சிறிதளவு பெட்ரோலும், எரிதலில் உண்டாகும் நீராவியும் நெடுந்தூர ஓட்டத்தில் ஆவியாகி வெளியேறிவிடும். குறுகிய ஓட்டத்தில் அவை ஆயிலிலேயே தங்கி அதன் தரத்தைக் குறைக்கின்றன. ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அதன் அடியில் வெளிர் மஞ்சள் நிறத்தில் குழைவான படிவு ஒட்டியிருப்பதைச் சில கார்களில் பார்க்கலாம். அது நீரும் ஆயிலும் கலந்ததன் அடையாளம். மதுரை வெயிலில் இந்தச் சிக்கல் குறைவு என்றாலும், இல்லாமல் போவதில்லை.

பல கையேடுகளில் ‘கடுமையான பயன்பாடு’ என்ற தனி அட்டவணையும் உண்டு. குறுகிய தூர ஓட்டம், நெரிசலில் நின்று நின்று போவது, புழுதிச் சாலை, கடும் வெப்பம் ஆகியவையே அதில் கடுமையான பயன்பாடாகச் சொல்லப்படுகின்றன. மிதமாக ஓட்டுகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, கையேட்டின் கணக்கில் கடுமையான பயன்பாடாக இருக்கிறது! அந்த அட்டவணை இதைவிடக் குறைந்த கெடு சொல்லாதவரை, உங்கள் ஓட்டத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில், ஆயில் ஃபில்டர், பரிசோதனை என்ற முதல் நிலையே போதும். கிலோமீட்டர் ஏறாததால் ஏர் ஃபில்டர், பிளக் ஆகியவற்றை அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பிரேக் ஃப்ளூயிடும் பேட்டரியும் டயரும் நின்ற இடத்திலேயே வயதாகக்கூடியவை. அவற்றுக்கு நாள்காட்டியைத்தான் பார்க்க வேண்டும். வாரத்தில் ஒருநாளாவது காரை அரை மணி நேரம் தொடர்ச்சியாக ஓட்டுவது ஆயிலுக்கும் பேட்டரிக்கும் நல்லது.

கேள்வி: பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. ஃப்ளூயிட் அளவும் குறையவில்லை. இருந்தும் அதை மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட்டில் எழுதியிருக்கிறார்கள். அவசியம்தானா?
– வாசகர், நாமக்கல்

பதில்: கொல்லிமலைக்கு ஏறி இறங்கும் ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. மூடி இறுக்கமாக இருந்தாலும், ரப்பர் ஹோஸ்களின் வழியாக மிகச் சிறிய அளவில் ஈரம் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்குகிறது. டாட் 3 வகைப் புதிய ஃப்ளூயிடின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலைக்கு அதே விதி குறிப்பிடும் அளவு 140 டிகிரிதான். டாட் 4 வகையில் இவை முறையே 230, 155. நகரத்துக்குள் ஓட்டும்போது இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. 70 கொண்டை ஊசி வளைவுகளில் காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தெரியும். பேடும் டிஸ்க்கும் உரசி எழும் சூடு, பேடை அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் ஃப்ளூயிடை எட்டுகிறது. அது கொதித்தால் குமிழ்கள் தோன்றுகின்றன. திரவத்தை அழுத்தினால் அது விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும். ஆவிக்குமிழை அழுத்தினால் அது சுருங்குவதோடு சரி. மிதி தரைவரை போகும், கார் நிற்காது. அடிவாரத்தில் சிறிது நேரம் நிறுத்திச் சூடு ஆறியதும் பிரேக் மறுபடியும் வழக்கம்போலப் பிடிக்கும் என்பதால், நடந்தது என்னவென்றே பலருக்குத் தெரிவதில்லை.

ஆகவே, அளவு குறையவில்லை என்பது மாற்றத் தேவையில்லை என்பதற்குச் சான்று அல்ல. நல்ல பட்டறைகளில் ஃப்ளூயிடின் ஈரத்தை அளக்கும் பேனா போன்ற கருவி இருக்கும். உங்கள் கண்ணெதிரே அளந்து காட்டச் சொல்லலாம். கருவி இல்லாவிட்டால் 2 ஆண்டுக் கணக்கைப் பின்பற்றுங்கள். எந்த வகையை ஊற்ற வேண்டும் என்பது ஃப்ளூயிட் டப்பாவின் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மாற்றும்போது நான்கு சக்கரங்களிலும் பழையது முழுவதும் வெளியேறும்வரை பிளீடிங் செய்தார்களா என்று கேளுங்கள். மேலே டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றுவது கண்துடைப்பு வேலை. எவ்வளவு புதிய ஃப்ளூயிட் ஊற்றினாலும், மலையிலிருந்து இறங்கும்போது இரண்டாம் கியரில் எஞ்சினின் பிடியிலேயே வண்டியை இறக்க வேண்டும் என்ற விதி மாறாது.

கேள்வி: எஸ்டிமேட்டில் எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏ.சி. கிருமிநீக்கம், அண்டர்பாடி கோட்டிங், வீல் அலைன்மென்ட், பேலன்சிங் என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. இவற்றில் எது தேவை?
– வாசகர், குரோம்பேட்டை, சென்னை

பதில்: இவற்றில் முதல் நான்கும் பெரும்பாலான நிறுவனங்களின் பராமரிப்பு அட்டவணையில் இல்லாதவை. சர்வீஸ் அட்வைசர்களுக்கு இவ்வகைக் கூடுதல் வேலைகளுக்கு மாத இலக்கு வைக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் பரவலாக உண்டு என்பதை மனத்தில் கொள்ளுங்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றிவரும் எஞ்சினுக்கு ஃப்ளஷ் (ரசாயனம் ஊற்றி உட்புறத்தைக் கழுவுவது) தேவையில்லை. ஐட்லிங் சீராக இல்லை, இழுவை குறைந்துவிட்டது என்பது போன்ற அறிகுறி எதுவும் இல்லாமல் இன்ஜெக்டரைத் தொடுவதும் அவசியமற்றது. ஏ.சி.யில் வாடை வந்தால் முதலில் கேபின் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். பல கார்களில் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினால் அதன் பின்னாலேயே இருக்கும், பத்து நிமிட வேலை. அண்டர்பாடி கோட்டிங் கடற்காற்று அடிக்கும் ஊரில் பயனுள்ளதுதான். ஆனால் புதிய காருக்கு ஒருமுறை முறையாகச் செய்துவிட்டால், ஒவ்வொரு சர்வீஸிலும் அதே வரிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) அப்படியல்ல. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தும் கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்தாலோ, பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறியிருந்தாலோ, புதிய டயர் போட்டாலோ கட்டாயம் செய்ய வேண்டும். டயர் ரொடேஷனை 10,000 கி.மீ.க்கு ஒருமுறை செய்யும்போது பேலன்சிங்கையும் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

கேள்வி: பி.எஸ்.6 டீசல் எஸ்.யூ.வி. வைத்திருக்கிறேன். வாரண்டி முடிந்துவிட்டதால் தெரிந்த மெக்கானிக்கிடம் ஆயில் மாற்ற நினைக்கிறேன். ‘எந்த டீசல் ஆயிலாக இருந்தாலும் சரி’ என்கிறார். சரிதானா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வெளியில் மாற்றுவது சரி, ‘எந்த ஆயிலாக இருந்தாலும் சரி’ என்பது தவறு. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தயாரான டீசல் கார்களின் புகைபோக்கியில், கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது அவ்வப்போது அதிகச் சூட்டில் எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் ஆயில் எரிவதால் உண்டாகும் சாம்பல் அப்படி எரிந்து போகாது. வடிகட்டிக்குள்ளேயே தங்கி நாளடைவில் அதை அடைத்துவிடும். அதனால்தான் இந்த எஞ்சின்களுக்குச் சாம்பல் குறைந்த வகை ஆயிலைக் கையேடு குறிப்பிடுகிறது. ஆயிலின் அடர்த்தன்மையைக் குறிக்கும் 5டபிள்யூ-30 என்ற எண் பொருந்தினால் மட்டும் போதாது. அதனுடன் எழுதப்பட்டிருக்கும் சி2, சி3 போன்ற தரக்குறியீடும் கையேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். ஆயிலை நீங்களே கடையில் பில்லுடன் வாங்கிக் கொடுத்துவிட்டால் சிக்கல் இல்லை. கழற்றிய பழைய ஃபில்டரைக் காட்டச் சொல்லுங்கள்.

டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் உடனே சர்வீஸுக்கு ஓட வேண்டாம். கையேட்டில் சொல்லியிருக்கும் முறைப்படி, சேலம் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் இருபது, முப்பது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாவிட்டாலோ, அதனுடன் எஞ்சின் விளக்கும் எரிந்தாலோ சென்டருக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: மின்சாரக் காருக்கு சர்வீஸே கிடையாது என்கிறார்களே?
– வாசகர், ஓசூர்

பதில்: எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், பிளக் ஆகியவை கிடையாது. டயர், கேபின் ஃபில்டர், பிரேக் ஃப்ளூயிட், சஸ்பென்ஷன், 12 வோல்ட் பேட்டரி ஆகியவை உண்டு. பல மாடல்களில் மின்கலத்தைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் உண்டு. காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேட் மெதுவாகத் தேயும். ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை தேவைப்படும். பில் சிறியதாக இருக்கும்.

கேள்வி: 82,000 கி.மீ. ஓடிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். முந்தைய உரிமையாளரிடம் சர்வீஸ் பதிவு எதுவும் இல்லை. எந்த நிலை சர்வீஸிலிருந்து தொடங்குவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில், பதிவு எண்ணைக் கொடுத்து அந்த நிறுவனத்தின் ஏதேனும் ஓர் அங்கீகரிக்கப்பட்ட சென்டரில் விசாரியுங்கள். அங்கு செய்த சர்வீஸ்கள் கணினியில் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. எதுவும் கிடைக்காவிட்டால், எதுவுமே செய்யப்படவில்லை என்று வைத்துக்கொண்டு அட்டவணையின் மிகப் பெரிய பத்தியிலிருந்து தொடங்க வேண்டும். ‘மேஜர்’ என்ற சொல் உண்மையாகவே பொருந்தும் இடம் இதுதான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் பணம் இல்லையென்றால், வரிசை முக்கியம். கையேட்டைப் பார்த்து, உங்கள் எஞ்சினில் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்குவது டைமிங் செயினா பெல்ட்டா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். செயின் என்றால் சத்தம் வராதவரை கவலையில்லை. பெல்ட் என்றால், பல எஞ்சின்களில் 60,000 முதல் 1,00,000 கி.மீ.க்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். ஓடும்போது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும், எஞ்சினைப் பிரிக்க நேரிடும். ஆகவே பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பெல்ட்டால் சுழலும் வகையாக இருந்தால் வாட்டர் பம்ப் ஆகியவற்றைச் சேர்த்தே மாற்றிவிடுங்கள். லேபர் ஒருமுறைதான் ஆகும்.

அடுத்தது பிரேக்கும் டயரும். பேடின் கனத்தையும் பின்பக்க ஷூவையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும், பக்கச் சுவரில் வெடிப்பு விழுந்த பழைய டயரை நம்ப வேண்டாம். ஸ்டெப்னியையும் அதே கண்ணோடு பாருங்கள். விற்பவர்கள் மோசமான டயரை அங்கேதான் வைப்பார்கள். பிறகு எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், பிரேக் ஃப்ளூயிட், கூலன்ட். ரேடியேட்டரில் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டியிருந்தால் துரு நிறம் காட்டிக்கொடுக்கும். அப்படியிருந்தால் உட்புறத்தைக் கழுவிவிட்டு, கையேடு சொல்லும் கூலன்ட்டை ஊற்ற வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. பிளக்குகளையும் கியர் ஆயிலையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

இவை முடிந்த தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி, பில்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த 10,000 கி.மீ. அல்லது ஓராண்டில் உங்களுக்கு ஆயில் சர்வீஸ் மட்டுமே தேவைப்படும்; அதற்குமேல் யாராவது எஸ்டிமேட் போட்டால், அந்த நோட்டை எடுத்துக் காட்டுங்கள்.